கேப் டவுன் மேசை மலை: ஏறப் போகிறவர்களின் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் பெருங்கடலின் கரையை ஒட்டியே எழுந்து நிற்கும் மேசை மலையையும் அதைச் சார்ந்த குன்றுகளையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன். பயணத்துக்கு நாள் குறித்துவிட்டவர்களின் கேள்விகளுக்கு முதலிடம் தந்திருக்கிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் டிசம்பர் இறுதியில் கேப் டவுன் செல்கிறோம். இருவருக்கும் வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். நாள்தோறும் ஒரு மணி நேரம் நடக்கும் பழக்கம் உண்டு. கேபிள் காரில் ஏறாமல் நடந்தே மேசை மலையின் உச்சியை அடைய முடியுமா? எங்களுக்கு ஏற்ற வழி எது?
– வாசகி, கோயம்புத்தூர்

முடியும். உங்களுக்கு ஏற்றது பிளாட்டெக்லிப் மலையிடுக்கின் வழியாகச் செல்லும் பாதைதான். 1503ஆம் ஆண்டில் போர்ச்சுக்கீசியக் கடலோடி அந்தோனியோ தெ சல்டாஞா இந்த மலையிடுக்கின் வழியாகவே உச்சியை அடைந்தார் என்பது இம்மலையேற்றத்தைப் பற்றிய முதல் எழுத்துப் பதிவு. நகரத்துக்கு மேலே மலையின் இடுப்பைச் சுற்றிச் செல்லும் டாஃபெல்பர்க் சாலையில், கேபிள் காரின் கீழ் நிலையத்தைத் தாண்டி ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் சென்றால் இந்தப் பாதையின் தொடக்கம் வரும். அங்கிருந்து கல் அடுக்கிய படிகள், வளைந்து வளைந்து, மூச்சு வாங்கும் அளவுக்குச் செங்குத்தாக ஏறுகின்றன. வழி தவறுவதற்கு இடமில்லை. கைகளால் பாறையைப் பற்றி ஏற வேண்டிய இடமும் இல்லை. நடக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும்.

வழி எளிதில் புரிவதால் ஏற்றமும் எளிதாக இருக்கும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். தென்னரைக் கோளத்தில் நண்பகல் சூரியன் வடக்கு வானத்தில் நிற்கும். பிளாட்டெக்லிப் வடக்கு நோக்கிய சரிவு. எனவே நாம் இந்தியாவில் கார்த்திகை, மார்கழிக் குளிரில் இருக்கும் நாள்களில், அங்கே கோடை வெயில் அந்த மலையிடுக்கில் நேராக விழுந்து, இரு பக்கப் பாறைச் சுவர்களிலும் பட்டுத் தெறிக்கும். காலை உணவை நிதானமாக முடித்துக்கொண்டு ஒன்பது, பத்து மணிக்குப் புறப்படும் சுற்றுலாப் பயணிகள் பாதி வழியில் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவதற்கு இதுவே காரணம். டிசம்பரில் ஐந்தரை மணி அளவிலேயே விடிந்துவிடும் என்பதால், ஆறு மணிக்கெல்லாம் நீங்கள் பாதையின் தொடக்கத்தில் இருந்தால் ஏற்றத்தின் பெரும்பகுதியை வெயில் ஏறும் முன்பே முடித்துவிடலாம். ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், இரண்டு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். பொடி, அகலமான விளிம்புள்ள தொப்பி, முழங்காலுக்கு ஆதரவாக ஊன்றுகோல், இவற்றோடு கோடையானாலும் ஆளுக்கொரு காற்றுத் தடுப்பு மேலங்கி எடுத்துச் செல்லுங்கள்.

படிகள் முடியும் இடத்திலிருந்து வலப்புறம் கால் மணி நேரம் நடந்தால் கேபிள் காரின் மேல் நிலையம், 1,067 மீட்டர் உயரத்தில். இடப்புறம் சமதளத்தின் கிழக்குக் கோடிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடந்தால் 1,086 மீட்டரில் மலையின் மிக உயரமான புள்ளி. வானியலாளர் தாமஸ் மக்ளியர் நில அளவைக்காக எழுப்பிய கற்குவியல் அங்கே இருப்பதால் அதற்கு மக்ளியர்ஸ் பீக்கன் என்று பெயர்.

இறங்கும்போது கேபிள் காரில் வரலாம் என்று திட்டமிடுவது நல்லதே. ஒருவழிச் சீட்டு கிடைக்கும், முழங்கால்களும் நன்றி சொல்லும். ஆனால் 1929 முதல் இயங்கிவரும் அந்த கேபிள் கார், காற்று வலுத்த உடனே நிறுத்தப்படும். காலையில் ஓடிக்கொண்டிருந்தது மதியம் நின்றுபோவது கோடையில் மிக இயல்பு. ஆண்டுதோறும், பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், பராமரிப்புக்காகச் சில நாள்கள் முழுவதுமாக மூடப்படுவதும் உண்டு. எனவே ஏறும்போதே, இதே வழியில் இறங்கவும் வேண்டியிருக்கலாம் என்ற கணக்கில் தண்ணீரையும் உடல் வலுவையும் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் தண்ணீர் பாதிக்கும் கீழே போய்விட்டால் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: மேசை மலையின் மேல் வெண்துணி விரித்தாற்போல் மேகம் படிந்திருக்கும் படத்தைப் பார்த்திருக்கிறேன். மலையேறுகிறவர்கள் அந்த மேகத்துக்கு அஞ்ச வேண்டும் என்று ஒரு பயணக் குறிப்பில் படித்தேன். பார்ப்பதற்கு அவ்வளவு அழகான மேகத்தில் என்ன ஆபத்து இருக்க முடியும்?
– வாசகர், தஞ்சாவூர்

அந்த மேகம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் ஆபத்தும் விளங்கிவிடும். ஏறக்குறைய அக்டோபர் முதல் மார்ச் வரை கேப் தீபகற்பத்தில் தென்கிழக்குக் காற்று வலுவாக வீசுகிறது. கடலின் மேல் பரப்பில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் அந்தக் காற்று, குறுக்கே சுவராக நிற்கும் மலையில் மோதி ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேலே தள்ளப்படும்போது குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் மேகமாகிறது. மேகம் சமதளத்தைக் கடந்து நகரத்தை நோக்கிய விளிம்பில் கீழே வழியும்போது மறுபடி வெப்பமடைந்து மறைந்துவிடுகிறது. கீழே இருப்பவர் கண்ணுக்கு அது அசையாமல் விரித்த துணி. ஆனால் அந்தத் துணிக்குள் காற்று ஒரு கணமும் நிற்பதில்லை, மேகம் ஒரு பக்கம் பிறந்துகொண்டும் மறு பக்கம் கரைந்துகொண்டும் இருக்கிறது. இதற்கு உள்ளூரில் மேசை விரிப்பு என்றே பெயர்.

அதற்குள் நிற்பவருக்குச் சில மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. நகரத்தில் வியர்த்துக்கொண்டிருந்தவர் மேலே ஈரமான கடுங்காற்றில் நடுங்குவார். ஆயிரம் மீட்டர் ஏறினால் பொதுவாக ஆறு, ஏழு பாகை வெப்பம் குறையும், நனைந்த பருத்திச் சட்டையும் காற்றும் சேர்ந்தால் உடல் உணரும் குளிர் அதைவிட மிக அதிகம். சமதளம் மேசைபோல் இருப்பதால் எந்தப் பக்கம் நடந்தாலும் ஒன்றுபோலவே தோன்றும். அதன் விளிம்புகளோ நேர் செங்குத்தான பாறைகள். அரைக்கை பனியனும் அரைக்கால் சட்டையுமாக வந்த ஒருவர் இருபது நிமிடத்துக்குள் இந்த நிலைக்கு வந்துவிடலாம் என்பதுதான் கடலோர மலைக்கே உரிய சிக்கல். உள்நாட்டு மலைகளில் மழைமேகம் தொலைவில் திரண்டு வருவதைப் பார்த்து முடிவெடுக்க நேரம் கிடைக்கும். இங்கே மேகம் எங்கிருந்தோ வருவதில்லை, நீங்கள் நிற்கும் இடத்திலேயே உண்டாகிறது.

விளிம்பில் வெண்மை படியத் தொடங்குவதைக் கண்டால், அல்லது மேல் நிலையத்தில் எச்சரிக்கைச் சங்கு ஒலித்தால், படம் எடுக்க நின்றுகொண்டிராமல் உடனே நிலையத்துக்கோ ஏறி வந்த பாதைக்கோ செல்லுங்கள். ஏற்கனவே மூடிக்கொண்டுவிட்டால், பாதை கண்ணுக்குத் தெரியும் வரை மட்டுமே நடக்க வேண்டும். தெரியாதபோது இருக்கும் உடைகளையெல்லாம் அணிந்துகொண்டு பாறை மறைவில் ஒன்றாக அமர்ந்துவிடுவதே சரியான முடிவு.

குளிர்காலம் வேறு கதை. மே முதல் ஆகஸ்டு வரை வடமேற்கிலிருந்து மழையும் குளிரும் அலையலையாக வருகின்றன. மலையிடுக்குகளில் அருவிகள் ஓடும், பாறைகள் வழுக்கும், உச்சியில் எப்போதாவது பனிகூடப் படியும். ஆனால் இரண்டு மழைக்கு இடையே காற்றில்லாத, துலக்கமான நாள்கள் சில வாய்க்கும். என்னைக் கேட்டால் ஆண்டிலேயே நடப்பதற்கு மிகச் சிறந்த நாள்கள் அவைதாம். மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கேள்வி: வெள்ளியங்கிரிக்குப் பலமுறை சென்றிருக்கிறோம், பர்வதமலையில் சங்கிலியையும் கடப்பாறைப் படிகளையும் பிடித்து ஏறியிருக்கிறோம். எங்கள் நண்பர் குழு கேப் டவுனில் கூட்டமில்லாத, சற்றுக் கடினமான வழி ஒன்றில் ஏற விரும்புகிறது. ‘இந்தியா வென்ஸ்டர்’ என்ற பெயரே எங்களை இழுக்கிறது. ஒரு வழியில் ஏறி வேறொரு வழியில் இறங்கலாமா?
– வாசகர், வேலூர்

உங்கள் கால்களுக்கு வலு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நம்மூர் மலைகளுக்கும் இதற்கும் உள்ள ஒரு வேறுபாட்டை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். வெள்ளியங்கிரியிலும் பர்வதமலையிலும் பருவ காலத்தில் உங்களுக்கு முன்னும் பின்னும் பக்தர்கள் இருப்பார்கள். தவறினால் கை கொடுக்கவும், குழம்பினால் வழி சொல்லவும் ஆள் உண்டு. பாதை தலைமுறை தலைமுறையாகக் கால்பட்டுத் தேய்ந்து ஒன்றே ஒன்றாக இருக்கும். மேசை மலையிலோ பாதைகள் நூற்றுக்கணக்கில் பிரிகின்றன. சில நன்றாகப் பராமரிக்கப்படுபவை. சில பாறையேறும் கயிறு வைத்திருப்பவர்களுக்கு உரியவை. சில மழைநீர் அரித்த வெறும் தடங்கள். மூன்றும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே இருக்கும்.

இந்தியா வென்ஸ்டர் கேபிள் காரின் கீழ் நிலையத்துக்கு மேலேயே தொடங்கி, கம்பிகளுக்கு அடியில் ஏறி, பிறகு மலையைச் சுற்றிக்கொண்டு பின்புறமாக உச்சியை அடைகிறது. சில இடங்களில் இரு கைகளாலும் பாறையைப் பற்றி ஏற வேண்டும். ஓரிரு இடங்களில் சறுக்கினால் விழும் ஆழம் மிகுதி. பாறை காய்ந்திருக்கும் நாளில், அந்த வழியை அறிந்த ஒருவர் உடன் வர, உங்கள் குழு ஏறலாம். ஆனால் அந்த வழியே இறங்காதீர்கள். ஏறும்போது கண்ணெதிரே இருக்கும் பிடிகள் இறங்கும்போது காலடியில் மறைந்துவிடும் என்பது பாறையேறியவர்கள் அறிந்ததே. இது இறங்குவதற்கு எளிய வழியன்று என்று உச்சியில் அறிவிப்புப் பலகையே வைத்திருக்கிறார்கள். அதைக் கடந்து சென்று சிக்கிக்கொண்டவர்களை மீட்புக் குழுவினர் அடிக்கடி மீட்க வேண்டியிருக்கிறது.

ஒரு வழியில் ஏறி வேறு வழியில் இறங்குவதைப் பற்றி நான் இன்னும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இம்மலையில் நேரும் துன்பங்களில் பெரும்பங்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. உச்சியில் நின்று பார்த்தால் நகரமும் கடற்கரையும் கையெட்டும் தொலைவில் தெரிகின்றன. கீழ்நோக்கிச் செல்லும் ஒரு மலையிடுக்கைக் கண்டதும், இதில் இறங்கினால் விடுதிக்கே போய்விடலாம் என்று தோன்றும். இருநூறு மீட்டர் வரை அந்த இடுக்கு இணக்கமாக இறங்கிக்கொண்டே போய், பிறகு செங்குத்தான பாறை விளிம்பில் முடிந்துவிடும். குதித்துக் குதித்து இறங்கிய படிகளில் திரும்பி ஏறவும் இயலாது. ஏறி வந்த வழியைத் தவிர வேறு வழியில் இறங்குவதானால், அந்த வழியை முன்பே ஒருமுறை ஏறிப் பார்த்த ஒருவர் உங்களோடு இருக்க வேண்டும். இதற்கு விலக்கு இல்லை என்றே நான் கருதுகிறேன்.

கூட்டமில்லாத வழிதான் வேண்டுமென்றால் மலையின் மேற்கு முகத்தில், கேம்ப்ஸ் பே கடற்கரைக்கு மேலே ஏறும் காஸ்டீல்ஸ்பூர்ட் பாதையைப் பரிந்துரைப்பேன். காலை நேரத்தில் அந்தச் சரிவு முழுவதும் மலையின் நிழலில் இருக்கும். மேலே ஏறியதும், நகரத்தின் குடிநீருக்காக 1897இல் கட்டி முடித்த வுட்ஹெட் அணையின் கல் சுவரைக் காணலாம். அங்கேயே உண்டு ஓய்வெடுத்து அதே வழியில் திரும்புங்கள். கிழக்கு முகத்தில், 1913இல் தொடங்கப்பட்ட கிர்ஸ்டன்போஷ் தாவரத் தோட்டத்திலிருந்து ஏறும் ஸ்கெலிட்டன் மலையிடுக்கும் அருமையானதே; அடர்ந்த மரநிழல், ஓடை, மர ஏணிகள் என்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காட்டை நினைவூட்டும். ஆனால் மழைக்குப் பின் அங்குள்ள பாறைகளில் கால் நிற்காது. அதில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்திலுள்ள நர்சரி ரவைன் வழியாக இறங்குவார்கள். அதையும் வழி அறிந்தவரோடு செய்யுங்கள்.

கேள்வி: என் மகன் கேப் டவுனில் படிக்கிறான். பல்கலைக்கழகமே மலையடிவாரத்தில் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக மலைக்குப் போவதாகச் சொல்கிறான். அங்கே மலைப்பாதைகளில் கத்தியைக் காட்டிப் பறிக்கிறார்கள் என்று செய்திகளில் படித்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. போகவே கூடாது என்று சொல்லிவிடலாமா?
– ஒரு தாய், மதுரை

அம்மா, உங்கள் அச்சம் ஆதாரமற்றதன்று. அப்படிப்பட்ட பறிப்புகள் நடக்கின்றன. கூட்டமில்லாத பாதைகளிலும், நகரச் சாலைகளை ஒட்டிய கீழ்ச் சரிவுகளிலும், தனியாகவோ இருவராகவோ நடப்பவர்களிடம் அவை நேர்கின்றன. ஆனாலும் போகவே கூடாது என்று தடுப்பதைவிட, தனியாகப் போகக் கூடாது என்று கேட்டுக்கொள்வதே பயன் தரும் என்பது என் எண்ணம். தடை விதித்தால் அவர் உங்களிடம் சொல்லாமல் போகக்கூடும்; எங்கே போகிறார் என்று ஒருவருக்கும் தெரியாமல் இருப்பதே எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து.

நால்வருக்குக் குறையாத குழுவாகச் செல்லட்டும். பல்கலைக்கழகத்திலேயே மாணவர்களின் மலையேற்றக் குழு இருக்கிறது. 1891இல் தொடங்கப்பட்ட தென்னாப்பிரிக்க மலையேற்றச் சங்கமும் அந்நகரிலேயே இயங்குகிறது. இவற்றோடு நடந்தால் துணையும் கிடைக்கும், வழியறிவும் வளரும். எந்தப் பகுதியில் அண்மையில் பறிப்பு நடந்தது என்பதும் அவர்களுக்கு உடனுக்குடன் தெரிந்திருக்கும். அந்த இடங்கள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் ஒரு நிலையான பட்டியலை நான் இங்கே தருவது பொருந்தாது. விலையுயர்ந்த கேமரா, நகை, தேவைக்கு மேற்பட்ட பணம் ஆகியவற்றை அறையிலேயே வைத்துவிட்டு, கைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடக்கட்டும். இரு காதுகளிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு நடப்பது வேண்டாம். எவரேனும் மிரட்டினால் எதிர்க்காமல் கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள். இளைஞர்கள் பலர் கைபேசியைக் காப்பாற்றப் போராடித்தான் காயமடைகிறார்கள். கைபேசி போனால் அம்மா திட்டுவார் என்ற எண்ணம் அந்த நொடியில் அவர் மனத்தில் எழக் கூடாது.

புறப்படும் முன் எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று உள்ளூரில் இருக்கும் ஒரு நண்பருக்குச் செய்தி அனுப்பட்டும். உங்களுக்கும் அனுப்பலாம்; ஆனால் உதவிக்கு ஆள் அனுப்பக் கூடியவர் அங்கே இருப்பவர்தான்.

கேள்வி: சென்ற ஆண்டு மேசை மலையில் நடந்து திரும்பிய மூன்றாம் நாள், என் கால்களிலும் முன்கையிலும் தீப்பட்டதுபோல் கொப்புளங்கள் எழும்பின. பூச்சிக்கடி என்று கருதி மருந்து தந்தார்கள். தழும்புகள் இன்னும் மறையவில்லை. இது என்னவாக இருக்கும்?
– வாசகி, சென்னை

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்வது முறையன்று. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் நீங்கள் விவரிப்பது அங்குள்ள பிளிஸ்டர் புஷ் என்னும் கொப்புளச் செடியின் விளைவோடு அப்படியே பொருந்துகிறது. நிழலும் ஈரமும் உள்ள மலையிடுக்குகளில், பாதையோரத்தில் இடுப்பளவு வளரும் செடி அது. கொத்தமல்லி, கேரட் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலையும் பெரிய கொத்தமல்லித் தழைபோலவே இருக்கும். அதன் சாறு தோலில் பட்டபோது ஒன்றும் தெரியாது. அந்த இடத்தில் வெயில் படும்போதுதான் சாற்றிலுள்ள வேதிப்பொருள் வேலை செய்யத் தொடங்கி, இரண்டு மூன்று நாள் கழித்து அரிப்பும் எரிச்சலும் நீர்க்கொப்புளமும் உண்டாகின்றன. தொட்டதற்கும் துன்பத்துக்கும் இடையே இத்தனை நாள் இடைவெளி இருப்பதால் ஊர் திரும்பிய பயணிகளாலோ அவர்களைப் பார்க்கும் மருத்துவர்களாலோ இரண்டையும் இணைத்துப் பார்க்க முடிவதில்லை.

முழுக்கைச் சட்டையும் நீளக் கால்சட்டையும் அணிந்தாலே பெரும்பாலும் தப்பித்துவிடலாம். உரசிவிட்டோம் என்று தெரிந்தால் உடனே அந்த இடத்தைச் சோப்பால் கழுவி, துணியால் மூடி, அடுத்த சில நாள்களுக்கு வெயிலே படாமல் காக்க வேண்டும். மூட முடியாத இடத்தில் சன்ஸ்கிரீனைத் தடிமனாகப் பூசலாம். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. கருந்தழும்பு பல மாதம் நீடிப்பது உண்டு. மருத்துவரிடம் செல்லும்போது எந்த நாளில் எங்கே நடந்தீர்கள் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.

கேள்வி: குரங்கணியில் நடந்ததைக் கண்டவர்கள் நாங்கள். கேப் டவுன் மலைகளிலும் அடிக்கடி தீப்பிடிக்கிறது என்கிறார்களே, அங்கே நடப்பது பாதுகாப்பானதா?
– வாசகர், போடிநாயக்கனூர்

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைச்சரிவில் மலையேற்றக் குழுவினர் தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறக்க முடியாது. அந்த நினைவோடு நீங்கள் கேட்கும் கேள்விக்கு மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும்.

கேப் மலைகளை மூடியிருக்கும் ஃபைன்பாஸ் என்னும் புதர்க்காடு தீயோடு இணைந்தே வளர்ந்தது. பல செடிகளின் விதைகள் முளைப்பதற்கே தீயும் புகையும் தேவை. எண்ணெய்ப் பசையுள்ள இலைகளும் காய்ந்த தண்டுகளும் கோடையில் எளிதில் பற்றிக்கொள்கின்றன. அதே பருவத்தில்தான் தென்கிழக்குக் காற்றும் வீசுகிறது. 2021 ஏப்ரலில் மலையின் கிழக்குச் சரிவில் பரவிய தீ, கேப் டவுன் பல்கலைக்கழக நூலகத்தின் ஜாகர் வாசிப்புக் கூடத்தையும் அங்கிருந்த அரிய நூல்களையும் அழித்தது. நகரத்தின் நடுவே, தீயணைப்பு வண்டிகள் எட்டும் தொலைவிலேயே இது நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

எனவே கடுங்காற்றும் வெயிலும் சேர்ந்த நாளில் புகை எங்கே தெரிந்தாலும் மலைக்குப் போகாதீர்கள். நடக்கும்போது புகையைக் கண்டால், தீ தொலைவில்தானே இருக்கிறது என்று பயணத்தைத் தொடராமல், காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் ஓடாமல், அதற்குக் குறுக்காக விலகி, நன்கு தெரிந்த பாதையில் கீழே சாலைக்கு வந்துவிடுங்கள். தீ சமதளத்தைவிட மேட்டை நோக்கி மிக விரைவாக ஏறும். குறுகிய மலையிடுக்கு புகைபோக்கிபோல் வேலை செய்து தீயை இழுக்கும். ஆகையால் தீக்கு மேலே இருக்கும் சரிவிலோ இடுக்கிலோ புகலிடம் தேடக் கூடாது. இறங்க வழியில்லை என்றால் வெறும் பாறைப் பரப்போ, ஏற்கனவே எரிந்து அணைந்த தரையோ பாதுகாப்பு. மலையில் அடுப்பு மூட்டுவதும் தேசியப் பூங்காவின் விதிகளுக்கு மாறானது. நம்மவர்கள் சிலர் தேநீருக்காகச் சிறு அடுப்பை எடுத்துச் செல்வதாகக் கேள்விப்படுகிறேன், அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: எழுபது வயதான மாமனாரும் ஏழு வயது மகளும் எங்களோடு வருகிறார்கள். அவர்களும் நடக்கக்கூடிய பாதை உண்டா? சிங்கத் தலைக் குன்றில் சூரிய மறைவைப் பார்க்க வேண்டும் என்று மகள் விரும்புகிறாள்.
– வாசகி, சிங்கப்பூர்

க்ளூஃப் நெக் கணவாயில் தொடங்கும் பைப் டிராக் என்ற பாதையை உங்களுக்காகவே போட்டதாக நினைத்துக்கொள்ளலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலைமேலிருந்து நகரத்துக்கு நீர்க்குழாய் கொண்டுவருவதற்காக அமைத்த வழி அது. பன்னிரு திருத்தூதர்கள் என்று பெயர் பெற்ற பாறை வரிசையின் அடியில், கீழே அட்லாண்டிக் கடல் தெரிய, பெரும்பாலும் மட்டமாகச் செல்கிறது. முழுவதும் நடக்க வேண்டியதில்லை. மாமனார் எங்கே களைப்படைகிறாரோ அங்கே திரும்பிவிடலாம். மேற்கு முகமாதலால் முற்பகலில் நிழல் இருக்கும், பிற்பகலில் இராது.

சிங்கத் தலைக் குன்று, 669 மீட்டர். பாதை குன்றைச் சுற்றிச் சுற்றி ஏறுவதால் ஒரே நடையில் நகரம், துறைமுகம், கடல், மேசை மலை எல்லாமே தெரியும். ஆனால் உச்சியை நெருங்கும்போது இரும்பு ஏணிகளும் சங்கிலிகளும் உண்டு. சங்கிலியைத் தவிர்க்கும் மாற்று வழியிலும் பாறைகளில் ஏறித்தான் ஆக வேண்டும். சூரிய மறைவைக் காண ஏறுகிறவர்கள் அத்தனை பேரும் இருட்டில் ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள். பலரிடம் கைபேசி வெளிச்சத்தைத் தவிர விளக்கும் இராது. ஏழு வயதுக் குழந்தையை அந்த நெரிசலில் இறக்குவதை நான் ஏற்க மாட்டேன். விடியற்காலையில் பாதி உயரம் வரை அழைத்துச் செல்லுங்கள். அடுத்துள்ள சிக்னல் ஹில் குன்றில் சூரிய மறைவைப் பாருங்கள். அங்கே வாகனமே செல்லும், மகளின் விருப்பமும் நிறைவேறும்.

கேள்வி: பாம்புகள் உண்டா? ஓடைத் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கிறதே, குடிக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பாம்புகள் உண்டு, கேப் நாகமும் பஃப் ஆடர் என்ற தடித்த விரியனும் குறிப்பிடத்தக்கவை. மற்றவை காலடி அதிர்வில் விலகிவிடும். இந்த விரியன் மட்டும் பாதையிலேயே அசையாமல் கிடக்கும் இயல்புடையது; எனவே கால் வைக்கும் இடத்தைப் பார்த்து நடந்தால் போதும். கடிபட்டால் கட்டுப்போட்டு இறுக்குவதோ கீறுவதோ உறிஞ்சுவதோ கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல் அமர்த்தி உதவிக்கு அழைக்க வேண்டும்.

தண்ணீரின் நிறம் செடிகளிலிருந்து கசியும் டானின் என்ற துவர்ப்புப் பொருளால் வருவது, அழுக்கன்று. ஆனாலும் கோடையில் ஓடைகள் வற்றிவிடும் என்பதாலும், கீழே உள்ளவற்றில் கிருமி கலந்திருக்கலாம் என்பதாலும் அவற்றை நம்பிப் போகாதீர்கள்.

கேள்வி: மலைமேல் ஒருவருக்குக் கால் முறிந்துவிட்டால், அல்லது வழி தவறி இருட்டிவிட்டால், வெளிநாட்டவராகிய நாங்கள் யாரை அழைப்பது? உதவி வரும் வரை என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், திருநெல்வேலி

அங்கே வைல்டர்னஸ் சர்ச் அண்ட் ரெஸ்க்யூ என்ற கூட்டமைப்பு மீட்புப் பணியைச் செய்கிறது. மாகாண அரசின் அவசர மருத்துவப் பிரிவும் தன்னார்வ மலையேறிகளின் சங்கங்களும் அதில் இணைந்திருக்கின்றன. தங்கள் வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு நள்ளிரவில் கயிறும் தூக்குப்படுக்கையுமாக ஏறி வருகிறவர்களில் பலர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். அவர்களை அழைக்கும் எண் 021 937 0300; கைபேசியிலிருந்து 112 என்ற பொது அவசர எண்ணையும் அழைக்கலாம். இரண்டையும் கைபேசியில் சேமிப்பதோடு ஒரு தாளில் எழுதிப் பையிலும் வைத்துக்கொள்ளுங்கள். மலையின் பின்புறத்திலும் இடுக்குகளிலும் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். குளிரில் மின்கலமும் விரைவில் தீரும். ஆகையால் சிக்னல் கிடைத்த உடனே முதல் அழைப்பிலேயே எந்தப் பாதையில் ஏறினீர்கள், எந்த இடம், எத்தனை பேர், என்ன காயம், என்ன உடையும் தண்ணீரும் இருக்கின்றன என்பவற்றைச் சொல்லிவிடுங்கள். கைபேசி காட்டும் இருப்பிட எண்களையும் படித்துக் காட்டலாம். பிறகு அந்தக் கைபேசியை வேறு எதற்கும் பயன்படுத்தாமல், அவர்கள் திரும்ப அழைப்பதற்காக வைத்திருங்கள். உறவினர்களுக்குச் செய்தி சொல்ல வேறொருவரின் கைபேசியைப் பயன்படுத்தலாம்.

அழைத்த பின் இடம் மாறக் கூடாது. பலர் உதவி கேட்டுவிட்டு, சற்று இறங்கிப் பார்ப்போம் என்று நகர்ந்துவிடுகிறார்கள். மீட்க வருகிறவர்கள் அவர்களை மீண்டும் தேட வேண்டியிருக்கிறது. காற்று வலுத்தால் ஹெலிகாப்டர் வர முடியாது. கால்நடையாக வரும் குழு உங்களை அடைய நான்கைந்து மணி நேரமோ விடியும் வரையோ ஆகலாம். அந்த நேரத்தைக் கடத்துவதற்காகத்தான் ஒவ்வொருவர் பையிலும் சூடான மேலுடை, மழைக்கோட்டு, தலையில் மாட்டும் டார்ச், பவர் பேங்க், விசில், கைக்குட்டை அளவுக்கு மடியும் வெள்ளி நிற உயிர்காப்புப் போர்வை ஆகியவை இருக்க வேண்டும் என்கிறேன். காயம்பட்டவரைத் தரையின் குளிர் தாக்காதவாறு பைகளையும் உடைகளையும் அடியில் விரித்து அதன்மேல் கிடத்துங்கள். எல்லோரும் நெருங்கி அமருங்கள். நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது உலகெங்கும் புரிந்துகொள்ளப்படும் அழைப்பு. இரவில் டார்ச் வெளிச்சத்தை அதே கணக்கில் காட்டலாம். எதிரே வெளிச்சமோ குரலோ தென்பட்டால் உங்கள் விளக்கை நேராக அவர்கள் முகத்தில் அடிக்காமல் தரையை நோக்கிப் பிடியுங்கள். இருட்டில் பாறை விளிம்பில் நடந்து வருகிறவர்களின் கண் கூசக் கூடாது.